மிக்கியை அச்சடிக்கும் முன்

2024 ஜனவரி 1 அன்று உலகமெங்கும் ஒரே செய்தி: மிக்கி மவுஸ் பொதுச்சொத்து ஆகிவிட்டது. தலைப்பு கவர்ச்சிதான், ஆனால் முக்கால்வாசி தவறு. அன்று அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்தது 'ஸ்டீம்போட் வில்லி' என்ற, எட்டு நிமிடம்கூட ஓடாத, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் அதே 1928-ல் எடுத்த 'பிளேன் கிரேஸி'யின் மௌனப் பதிப்புக்கும்தான். அந்தப் படங்களில் ஓடியாடுகிற மிக்கி எல்லோருக்கும் பொது. பென்சில் டப்பாவில் வெள்ளைக் கையுறையோடு வண்ணத்தில் சிரிக்கிற இன்றைய மிக்கியின் கதை வேறு.

டி-ஷர்ட்டுக்கு டிசைன் போடுகிறவர்கள், பள்ளிச் சுவரில் படம் வரைகிறவர்கள், குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்கள், யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள் ஆகியோருக்காக இந்தப் பட்டியல். வக்கீலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள முடியாது. வக்கீலிடம் போனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

செய்ய வேண்டியவை

1. முதலில் ஆண்டைக் கூட்டிப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1978-க்கு முன் வெளியாகி, உரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்ட பழைய படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுப் பாதுகாப்பு. கடைசி ஆண்டின் டிசம்பர் 31 வரை உரிமைக்கு உயிர் உண்டு. ஆகவே வெளியான ஆண்டோடு 96-ஐக் கூட்டினால் விடிகிற ஜனவரி 1 கிடைத்துவிடும். 1928-ன் மிக்கிக்கு 2024. 1929-ல் வந்த பாப்பாய்க்கு 2025. 1930-ன் பெட்டி பூப்புக்கு 2026.

இந்த 95 சும்மா வந்ததல்ல. ஸ்டீம்போட் வில்லி வெளியானபோது இருந்த சட்டப்படி 28 ஆண்டு, புதுப்பித்தால் இன்னொரு 28. மொத்தம் 56. அந்தக் கணக்கில் மிக்கி 1984 முடிவிலேயே வெளியே வந்திருக்கவேண்டும். 1976-ல் வந்த சட்டம் அதை 75 ஆக்கியது, கெடு 2003-க்குத் தள்ளிப்போனது. அதுவும் நெருங்கியபோது, 1998-ல் இன்னும் 20 ஆண்டு கூட்டினார்கள். சோனி போனோ என்ற காங்கிரஸ் உறுப்பினரின் பெயர் அந்தச் சட்டத்துக்கு. ஊர் வைத்த பெயர் 'மிக்கி மவுஸ் சட்டம்'. காலத்தை இப்படி நீட்டிக்கொண்டே போகலாமா என்று எல்ட்ரெட் என்பவர் தொடுத்த வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் 'போகலாம்' என்றது. அந்த 20 ஆண்டும் முடிந்து, 2019-லிருந்துதான் ஒவ்வொரு ஜனவரி 1-ம் அங்கே மறுபடி விசேஷ நாளானது. மூன்றாவது முறையும் நீட்டிப்பார்கள் என்று நினைத்தவர்களில் நானும் உண்டு. நடக்கவில்லை.

2. மூலப்படத்தை உட்கார்ந்து பாருங்கள்.

இதை யாரும் செய்வதில்லை. மிக்கி என்றதும் மனதில் வருகிற உருவத்தைத்தான் எல்லோரும் வரைகிறார்கள். ஸ்டீம்போட் வில்லியின் மிக்கிக்குக் கையில் உறை கிடையாது. கண்கள் வெறும் கறுப்பு முட்டைகள். கைகால்கள் கறுப்பு ரப்பர் குழாய்கள். குணமும் வேறு. ஆடு ஒன்று இசைத்தாளைத் தின்றுவிடுகிறது. அதன் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு வாலைத் திருகினால், தின்ற பாட்டு வெளியே வருகிறது. பசுவின் பல்லைத் தட்டி மிக்கி இசை எழுப்புகிறது. பால் குடிக்கிற பன்றிக்குட்டிகளின் வாலை இழுத்துக் கத்தவிடுகிறது. இன்றைய டிஸ்னி இந்தப் போக்கிரியைத் தன் பூங்காவில் நடமாட விடாது. உங்களுக்குக் கிடைத்திருப்பது இந்தப் போக்கிரிதான், அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் லாபம். சட்டத்துக்கும் பாதுகாப்பு, டிசைனும் நூறு பேர் போடுகிற அதே மிக்கியாக இருக்காது.

வெள்ளைக் கையுறை 1929-ல் 'தி ஆப்ரி ஹவுஸ்' படத்தில் வந்தது. மிக்கி முதன்முதலில் வாய் திறந்து வார்த்தை பேசியதும் அதே ஆண்டு 'தி கார்னிவல் கிட்' படத்தில். இரண்டும் 2025-ல் அமெரிக்காவில் பொதுவாயின. ஆகவே கையுறை வேண்டுமென்றால் 1929-ன் கையுறை மிக்கியைப் பார்த்து வரையுங்கள்.

பாப்பாய் இன்னும் வேடிக்கை. எல்சி செகார் வரைந்த 'திம்பிள் தியேட்டர்' செய்தித்தாள் தொடரில் 1929 ஜனவரி 17 அன்று, கப்பலோட்ட ஆள் தேடியவர்களுக்குக் கிடைத்த ஒரு கூலி மாலுமியாக எட்டிப் பார்த்தவர் அவர். அந்த முதல் கதையில் கீரை இல்லை. அடிபட்டும் சாகாமல் எழுவது பெர்னிஸ் என்ற அதிசயக் கோழியின் தலையைத் தடவியதால். கீரை 1931-ல்தான் வருகிறது. கணக்குப்படி அதற்கு 2027. அந்த ஆண்டுக் கட்டங்களின் உரிமை புதுப்பிக்கப்பட்டதா என்று பதிவுகளைத் தேடிப் பார்த்தால் அதற்கு முன்பேகூட வழி இருக்கலாம். தேடாமல் அச்சுக்குப் போகவேண்டாம்.

பெட்டி பூப் 1930-ன் 'டிஸ்ஸி டிஷஸ்' படத்தில் தோன்றியபோது பாதி நாய். தொங்கும் நாய்க்காது இருந்தது. அந்தக் காதுகள் பின்னால் வளையங்களாகி, அவள் முழுப் பெண்ணானது 1932-ல். புளூட்டோ கதையும் அப்படியே. 1930-ல் நாய் உண்டு, பெயர் இல்லை. இன்னொரு படத்தில் ரோவர் என்று கூப்பிடுகிறார்கள். புளூட்டோ என்ற பெயர் 1931-ல்.

3. சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேளுங்கள்.

திருப்பூரில் ஒரே டிசைனை அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் அடிப்பது சாதாரணம். பதிப்புரிமை அப்படி ஒரே மாதிரி பயணம் செய்யாது.

இந்தியாவில் எழுத்தாளரோ ஓவியரோ இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. சினிமாவுக்கு வெளியானதிலிருந்து 60. ஐரோப்பாவில் இறந்தபின் 70. வெளிநாட்டுப் படைப்புக்கு அது பிறந்த நாட்டில் கிடைப்பதைவிட நீண்ட காலம் தருவதில்லை என்று பல நாடுகள் விதி வைத்திருக்கின்றன. நம் 1999-ம் ஆண்டு சர்வதேசப் பதிப்புரிமை ஆணையிலும் அது உண்டு. அமெரிக்காவில் 1928 மிக்கியின் காலம் முடிந்ததும் இங்கேயும் முடிந்ததாக எடுத்துக்கொள்வது அந்த விதியால்தான். ஜெர்மனி விலக்கு. 1892-ல் அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருப்பதால், அமெரிக்கப் படைப்புக்கும் அங்கே முழு 70 ஆண்டு. மிக்கியை வரைந்த அப் ஐவர்க்ஸ் இறந்தது 1971. ஆகவே ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போகிற பெட்டியில் இந்த எலியை வைக்குமுன் 2041 என்ற எண்ணை மனதில் கொள்ளுங்கள்.

பாப்பாயில் இது தலைகீழ். செகார் 1938-ல் இறந்துவிட்டார். ஐரோப்பாவில் 2009 ஜனவரியிலேயே அவர் கைப்பட வரைந்ததெல்லாம் பொதுவாகிவிட்டது, கீரை உட்பட. அமெரிக்கர்கள் அதற்குப்பின் 16 ஆண்டு காத்திருந்து கீரை இல்லாத பாப்பாயைப் பெற்றார்கள்.

டின்டினை அமெரிக்கச் செய்தியை மட்டும் படித்துவிட்டுத் தொடாதீர்கள். 1929-ன் டின்டின் அங்கே 2025-ல் பொது. அவனை உருவாக்கிய எர்ஜே 1983 வரை வாழ்ந்தார். பெல்ஜியத்தில் 2053 முடியவேண்டும், இந்தியாவில் 2043. அதே தொடரின் கேப்டன் ஹேடாக்கோ 1940-களின் ஆள், அமெரிக்காவிலும் அவருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

4. எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று பிரித்துப் பாருங்கள்.

'வின்னி த பூ' நூலை எழுதிய ஏ.ஏ. மில்ன் 1956-ல் இறந்தார். இந்தியாவில் அவர் எழுத்து 2017 முதல் பொது, தமிழில் பெயர்த்துப் போட யாரையும் கேட்கவேண்டியதில்லை. படங்கள் வரைந்த இ.எச். ஷெப்பர்ட் 1976 வரை இருந்தார். அவர் கோடுகளுக்கு இங்கே 2036 முடியும் வரை உரிமை. நூல் 1926-ல் வந்ததால் அமெரிக்காவில் எழுத்தும் படமும் சேர்ந்தே 2022-ல் விடுபட்டன. அடுத்த ஆண்டே அந்தச் சாது கரடியைக் கொலைகாரனாக்கி ஒரு திகில் படம் வந்தது. படத்தின் தரம் பற்றிப் பேச விருப்பமில்லை, ஆனால் ஒரு விஷயத்தில் அதை எடுத்தவர்கள் கெட்டி: டிஸ்னி பூவின் சிவப்புச் சட்டையைத் தொடவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சரியான உதாரணம் 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1954-ல் மறைந்தார், அவருடைய எழுத்துகளை அரசு நாட்டுடைமையும் ஆக்கியது. அதனால்தான் ஊரிலுள்ள பதிப்பகமெல்லாம் ஆளுக்கொரு பதிப்பு போடுகிறது. வந்தியத்தேவனையும் குந்தவையையும் நம் கண்ணில் பதியவைத்த மணியம் காலமானது 1968-ல். அவர் ஓவியங்களுக்கு 2028 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. நாவல் பொது என்பதால் மணியத்தின் குந்தவையைக் காலண்டரில் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, இந்தியச் சட்டத்தின் 57-ம் பிரிவு படைப்பாளியின் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தட்டிக்கேட்கும் உரிமையைத் தருகிறது. அவருக்குப்பின் அவர் சட்ட வாரிசுகள் கேட்கலாம். 2012 திருத்தத்துக்குப்பின் அந்த உரிமை பதிப்புரிமைக் காலத்தோடு முடிந்துபோவதில்லை. அட்டையிலும் உள்ளேயும் மூல ஆசிரியர் பெயரைத் தெளிவாகப் போடுங்கள்.

5. டிரேட்மார்க் பதிவேட்டில் தேடுங்கள்.

இந்திய அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். துணிமணி என்றால் 25-ம் வகுப்பு, புத்தகம் நோட்டு 16, பொம்மை 28, சினிமா நிகழ்ச்சிகள் 41. பெயரையும் தேடுங்கள், படத்தையும் தேடுங்கள்.

6. ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு தாள் எழுதி வையுங்கள்.

எந்தப் படத்தின் எந்தக் காட்சி, எந்த ஆண்டு, உருவாக்கியவர் இறந்த ஆண்டு, எங்கிருந்து பிரதி எடுத்தது. அவ்வளவு போதும். நோட்டீஸ் வருகிற அன்று தேடினால் டிசைனர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

செய்யக்கூடாதவை

1. கதாபாத்திரத்தின் பெயரை உங்கள் பிராண்டு ஆக்காதீர்கள்.

பதிப்புரிமை செத்தாலும் டிரேட்மார்க் சாகாது. பத்தாண்டுக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், பேரன் காலம் வரைக்கும். ஆனால் அது காக்கிற விஷயம் வேறு. இந்தச் சரக்கு யாருடையது என்று வாங்குகிறவர் ஏமாறக்கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. எனவே மிக்கி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பனியனின் முன்பக்கம் முழுக்கப் படகு ஓட்டுகிற 1928 மிக்கியை அடிப்பது ஒன்று. அதே மிக்கியைச் சின்னதாக்கி இடது மார்பில் லோகோ மாதிரி தைப்பது, நெக் லேபிளிலும் ஹேங்டேக்கிலும் போடுவது இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்கிறவர் இது டிஸ்னி சரக்கு என்றுதான் நினைப்பார். டிஸ்னி இதற்கு முன்கூட்டியே அணை கட்டியிருக்கிறது. 2007-லிருந்து தன் அனிமேஷன் ஸ்டுடியோ படங்களின் தொடக்கத்தில் ஸ்டீம்போட் வில்லி விசிலடிக்கிற துண்டையே லோகோவாக ஓட்டிவருகிறது.

ஹாங்காங் நகை நிறுவனம் ஒன்று 'மிக்கி 1928' என்ற பெயர் சூட்டி நகை வரிசை ஒன்றை விற்றது. 2025-ல் டிஸ்னி அந்த நிறுவனத்தின் மேல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அதிகாரப்பூர்வச் சரக்கு என்று மக்களை நினைக்க வைக்கிறார்கள் என்பது புகார். விற்கிற வரிசைக்கு வைக்கிற பெயரில் எச்சரிக்கையாக இருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

'இது டிஸ்னியின் தயாரிப்பு அல்ல' என்று ஒரு வரி போடுவது நல்லது. அதைப் போட்டுவிட்டால் எதுவும் செய்யலாம் என்று நினைப்பது நல்லதல்ல.

2. டிரேட்மார்க் என்ற சொல்லைக் கேட்டதும் ஓடிவிடாதீர்கள்.

இதைத்தான் பெரிய நிறுவனங்கள் விரும்புகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-ல் டாஸ்டார் வழக்கில் டிரேட்மார்க்கின் எல்லையைத் தெளிவாக்கியது. ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு உரிமையிருந்த ஒரு பழைய போர்க்காலத் தொலைக்காட்சித் தொடரின் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. டாஸ்டார் அதை எடுத்து வெட்டித் தொகுத்துத் தன் பெயரில் விற்றது. பதிப்புரிமை போனபின் டிரேட்மார்க் சட்டத்தைக் காட்டி அதே தடையைப் புறவாசல் வழியாகக் கொண்டுவர முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் ஓரங்களில் தெளிவு போதாது. பெட்டி பூப் உருவம் போட்ட சரக்குகள் குறித்த வழக்கில் கலிபோர்னியாவையும் உள்ளடக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 பிப்ரவரியில், அந்த உருவம் அங்கே அலங்காரம்தான், டிரேட்மார்க் ஆகாது என்கிற ரீதியில் தீர்ப்பெழுதியது. ஆறே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு தீர்ப்பு எழுதியது. நீதிபதிகளே தடுமாறிய இடத்தில் டிசைனர் துணிச்சலாக நிற்கவேண்டாம் என்பது என் கருத்து. கதை எழுதுங்கள், படம் எடுங்கள், புத்தகம் போடுங்கள், முன்பக்கம் முழுக்கப் படம் அடியுங்கள். லோகோவின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

3. செயற்கை நுண்ணறிவிடம் 'பழைய மிக்கி வரைந்து கொடு' என்று கேட்காதீர்கள்.

அது படித்திருப்பது கிட்டத்தட்ட நூறு ஆண்டு மிக்கிகளையும் மொத்தமாக. 1928 உடம்பில் 1940-ன் கண்ணும் இன்றைய கன்னமும் சேர்ந்து வரும், உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணுக்குத் தெரியும். 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் சேர்ந்து மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டிருப்பதும் தங்கள் கதாபாத்திரங்களை அது வரைந்து கொடுப்பதற்காகத்தான். மூலப்படத்தை நிறுத்திவைத்து, அந்தக் காட்சியைப் பார்த்துக் கையால் வரையுங்கள்.

4. யூடியூபில் கிடைத்த வண்ணப் பிரதியை இறக்கி ஏற்றாதீர்கள்.

கறுப்பு வெள்ளைக்கு யாராவது வண்ணம் பூசியிருந்தால், புதிய பின்னணி இசை சேர்த்திருந்தால், அந்தச் சேர்க்கைக்குத் தனி உரிமை இருக்கலாம். நீங்கள் சரியான பிரதியையே ஏற்றினாலும் இயந்திரம் பிடிக்கக்கூடும். 2024 ஜனவரியிலேயே ஒரு யூடியூபர் ஸ்டீம்போட் வில்லிக்குத் தன் குரல் கொடுத்து ஏற்ற, டிஸ்னியின் பெயரில் உரிமைக்கோரல் வந்து வருமானம் நின்றது. அவர் ஆட்சேபித்ததும் கோரல் விலகியது. கோரல் வந்தால் பயந்து வீடியோவை நீக்கவேண்டாம், முதலில் ஆட்சேபம் எழுதுங்கள். மேலே சொன்ன அந்த ஒரு தாள் அப்போது உதவும்.

5. பெயரை மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று நம்பாதீர்கள்.

'நாகராஜ்' இந்தியில் பிரபலமான காமிக்ஸ் நாயகன். போட்டிப் பதிப்பகம் 'நாகேஷ்' என்று ஒருவனைக் கொண்டுவந்தது. பச்சை உடம்பு, பாம்பு என்று எல்லாம் ஒட்டி வந்ததால் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. மிக்கியின் காதை மட்டும் சதுரமாக்கி 'சிக்கி' என்று பெயர் வைக்கிறவர்கள் கவனிக்க.

6. பையர் கொடுத்த ஆர்ட்வொர்க் என்று கேள்வி கேட்காமல் அடிக்காதீர்கள்.

அடித்தவரும் பொறுப்பாளிதான். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே, படத்தின் உரிமைக்குப் பையர் பொறுப்பு, வழக்கு வந்தால் செலவும் அவருடையது என்று எழுதி வாங்குங்கள். டிஸ்னி பிராண்டு சரக்கு என்றால் தயாரிக்கும் ஆலைக்கே 'ஃபாமா' என்ற அனுமதிக் கடிதம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே அந்த அனுமதியோடு ஆர்டர் ஓட்டுகிற ஆலையாக இருந்தால், சொந்தமாக ஸ்டீம்போட் வில்லி அடித்து விற்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள். சட்டம் அனுமதிக்கலாம், அடுத்த சீசன் ஆர்டர் கைக்கு வராமல் போகலாம். அமெரிக்கச் சுங்கத்தில் டிரேட்மார்க்கைப் பதிந்து வைத்திருக்கிற நிறுவனங்கள் சந்தேகப் பெட்டியைத் துறைமுகத்திலேயே நிறுத்த வைக்கும். வழக்கில் கடைசியில் நீங்களே ஜெயித்தாலும் சரக்கு சீசனுக்குப் போய்ச் சேராது.

7. கூகுளில் கிடைத்தது, பத்து பேர் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள், முப்பது வினாடிக்குள் என்றால் பரவாயில்லை, லாபமில்லாமல் செய்கிறேன் என்ற நான்கையும் காரணமாகச் சொல்லாதீர்கள். முப்பது வினாடி விதி என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

8. வரப்போகிறவர்களை முன்கூட்டி அச்சடித்து வைக்காதீர்கள், ஆனால் நாளைக் குறித்து வையுங்கள்.

அமெரிக்கக் கணக்கில் கூஃபி 2028. டொனால்ட் டக் 2030. டாம் அண்ட் ஜெர்ரியும் பக்ஸ் பன்னியும் 2036. இவர்கள் நடுவே 2034-ல் சூப்பர்மேன் வருகிறார், 1938-ன் சூப்பர்மேன். அவருக்குப் பறக்கத் தெரியாது, உயரமாகத் தாவுவார், ரயிலை முந்தி ஓடுவார். கிரிப்டோனைட் என்ற பலவீனம் அவருக்கு இன்னும் பிறக்கவில்லை. அந்த ஆண்டு டிசைன் போடுகிறவர்கள் மேகத்துக்கு மேலே பறக்கவிட்டு மாட்டிக்கொள்ளவேண்டாம். 2035-ல் பேட்மேன், கையில் ஊதா நிறக் கையுறையோடு. ராபின் அவருக்கு ஓராண்டு இளையவன், அவனுக்கு 2036 வரை பொறுக்கவேண்டும்.